கியர்பெட்டியில் பூசிய மரவள்ளி மாவு

வாசல் கூட்டும்போதுதான் வண்டிக்கு அடியிலிருந்த கல் கறுத்திருப்பதைப் பார்த்தேன். தொட்டால் பிசுபிசுத்தது. உள்ளே போய்க் கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரரின் மூக்குக்கு நேராக விரலை நீட்டினேன். இரண்டு முறை மோந்து பார்த்தார்.

"எஞ்சின் ஆயில் இல்ல புள்ள. கெட்டுப்போன முட்ட நாத்தம் அடிக்குது பாரு, இது கியர் ஆயிலு. பின்னாடி பெட்டியில இருந்து வருது."

சுற்றுலா வருகிறவர்கள் ஏறி விளையாடும் நாலு சக்கர பைக் அது. தங்கும் விடுதி ஒன்றில் அவர் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். விடுதியை மூடியபோது, பழைய வண்டி என்று முதலாளி அவரிடமே விட்டுவிட்டுப் போனார். அடுத்த வருஷம் மிளகு பறிக்கும்போது ஏணி வழுக்கி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே செத்துப்போனது போலானது. புதன்கிழமைதோறும் மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி. நாலைந்து மாதத்தில் முட்டி வரைக்கும் உணர்வு வந்திருந்தது. ஒரு வாரம்கூட விடக்கூடாது, விட்டால் வந்ததும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மலைமேல் குண்டூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊருக்குத் தார் ரோடு இல்லை. ஓடையைத் தாண்டி இரண்டு மைல் பாறையும் பள்ளமுமான பாதை. அதில் போகிற வண்டி இது ஒன்றுதான். அவரை என் முதுகோடு துண்டால் கட்டிக்கொண்டு நான் ஓட்டுவேன். ரோட்டில், மலையிலிருந்து கீழே பழம் ஏற்றிப்போகும் வேன்காரர் முன்சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருப்பார். வண்டி நின்றால் அவருடைய காலும் அத்தோடு நின்ற மாதிரிதான்.

சோளக்காடு ஊரில் இருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம். ஆனால் அந்தக் கடையில் எப்போதும் பத்து ஆம்பிளைகள் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் நடுவில் போய் நின்று பேச எனக்கு வாய் வராது. அதனால் அவர் கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல நானே பார்ப்பது என்று முடிவானது. கட்டிலை வாசற்படி ஓரமாக இழுத்துப் போட்டேன்.

எண்ணெய் எங்கெங்கோ வழிந்து மண்ணோடு அப்பியிருந்ததால் ஒழுகும் இடம் தெரியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைக்கச் சொன்னார். பிறகு பவுடர் பூச வேண்டும் என்றார். பவுடருக்கு எங்கே போவது? மரவள்ளி மாவை எடுத்துப் பெட்டி முழுக்கப் பூசினேன். களத்தை நாலு சுற்று சுற்றிவிட்டுக் குனிந்து பார்த்தபோது, இடது பக்கம் ஆக்சில் வெளியே வரும் இடத்தில் மட்டும் மாவு வட்டமாக நனைந்திருந்தது. எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் வளையம், ஆயில் சீல், போய்விட்டது என்றார்.

சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலை உருவி, பழைய சீலை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்தேன். அதிலிருந்த நம்பரைச் சீட்டில் எழுதி வேன்காரரிடம் கொடுத்ததில், சேலத்திலிருந்து புதியது வாங்கி வந்தார். மரக்கட்டையை வைத்து ஒரே சீராகத் தட்டி உட்கார வைத்தேன். அதற்குள் ஒரு புதன்கிழமை போய்விட்டது. அடுத்த புதன்கிழமை போய் வந்தோம். அதற்கு அடுத்த நாளே கல் மறுபடியும் கறுத்தது.

மறுபடியும் விரலை நீட்டினேன்; மோந்து பார்த்தார். பிறகு, புதுச் சீல் தானாகப் போகாது, உள்ளே காற்று அடைத்துக்கொண்டு தள்ளினால்தான் போகும் என்றார். பெட்டி சூடானால் காற்று வெளியேறுவதற்கு மேலே ஒரு ரப்பர் குழாய் இருக்கும், அதன் வாயைப் பார் என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. ஐப்பசி மழையில் ஓடையில் தண்ணீர் ஏறியபோது, அந்தக் குழாய் வாய் திறந்தபடி இருப்பதைப் பார்த்திருந்தேன். தண்ணீர் உள்ளே போய்விடுமே என்று, ஓட்டைப் பானையை அடைக்கிற மாதிரி, பலாப்பாலைக் காய்ச்சி உருட்டி அதில் அடைத்துவிட்டேன். அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

நெம்பி எடுத்ததும் புஸ்ஸென்று காற்று வந்தது. கல்லாக இறுகியிருந்த அந்த உருண்டையை அவர் கையில் வைத்தேன்.

"யாரு வெச்சது?"

"நாந்தாங்க."

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா அழுத்தமாத்தான் அடைச்சிருக்கற," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

எண்ணெய் வடிக்கிற அடித் திருகாணியைக் கழற்றியபோது பெட்டியில் எண்ணெய் அரைப்படிகூட இல்லை. வந்ததிலும் இரும்புத்தூள் மினுமினுத்தது. சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கரகரவென்றது. எண்ணெய் இல்லாமல் ஓடியதில் பேரிங் தேய்ந்துவிட்டது. புதிய பேரிங் கிடைக்க எத்தனை நாளாகுமோ என்று வேன்காரர் சொல்லிவிட்டார். வேன்காரர் வாங்கி வந்த இன்னொரு சீல் மாட்டி, எண்ணெய் ஊற்றி, ரோடு வரைக்கும் மெல்லப் போய்விடலாம் என்று அவரே சொன்னார். புதன்கிழமை விட்டுப்போகக் கூடாது என்பதுதான் அவருக்கு.

ஓடையைத் தாண்டி ஐம்பது அடி போயிருப்போம். பின்சக்கரம் இறுகி வண்டி நின்றுவிட்டது. முதுகிலிருந்து அவரை அவிழ்த்துப் பாறையில் சாய்த்துவிட்டு ஊருக்கு ஓடினேன். நாலு பேர் வந்து அவரைப் போர்வையில் கிடத்தி, ஊருக்குத் திரும்பத் தூக்கினார்கள். எங்கள் ஊரில் ஆளை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டுவது ஒரே காரியத்துக்குத்தான். சுடுகாடு ஓடைக்கு அக்கரையில் இருக்கிறது. தண்ணீரில் இறங்கும்போது, தலைமாட்டைப் பிடித்திருந்த அவருடைய மாமன் மகன் சொன்னார்:

"அக்கரைக்குப் போனவன் எவனும் இது வரைக்கும் திரும்பி வந்ததில்ல மச்சான். நீதான் மொதல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்த ஆள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாரம் தெரியாமல் இருக்கட்டும் என்று சொன்னதுதான்.

மறுநாள் காலை கஞ்சி கொடுக்கும்போது, "இனிமே ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் புள்ள," என்றார். வண்டியைச் சரி பண்ணிவிடலாம் என்றேன். தெரியும் என்றார். வீட்டிலேயே சில நாள் காலை மடக்கி நீட்டிவிட்டேன். பிறகு அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. இப்போது முட்டியில் கிள்ளினாலும் அவருக்குத் தெரிவதில்லை.

நின்றுபோன வண்டியை அதே ஆட்கள் வாசலுக்கு இழுத்து வந்து போட்டிருந்தார்கள். ஒன்றரை மாதம் கழித்துப் பேரிங் வந்தது. இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லித் தரவில்லை. கட்டிலை வாசலுக்கு இழுக்கவா என்று கேட்டதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானே பிரித்து, பேரிங்கும் சீலும் மாட்டி, மாவு பூசிக் களத்தைச் சுற்றினேன். மாவு காய்ந்தபடியே இருந்தது. உள்ளே போய், ஒழுகலீங்க என்று சொன்னேன். சரி என்றார்.

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. புதன்கிழமைகளில் கிழங்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போகிறேன். வேன்காரர் முதல் இரண்டு வாரம் அவரை விசாரித்தார். இப்போது முன்சீட்டில் வேறு ஆட்களை ஏற்றிக்கொள்கிறார்.