தைஸ்டோ மாமா வாங்கிய ஒரு வாளித் தோட்டா

தைஸ்டோ மாமா தன் வாழ்க்கையில் புதிதாக வாங்கிய ஒரே பொருள் பல் துலக்கும் பிரஷ் என்று ஐலி அத்தை சொல்வாள். அதையும் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்ட அன்றுதான் வாங்கினாராம். மற்றதெல்லாம் யாரோ பயன்படுத்தி முடித்தவை. வீட்டின் உள்கதவுகள் இடிக்கப்பட்ட ஒரு தேவாலயத்திலிருந்து வந்தன. கழிவறைக்குள் போகும்போதுகூட நமக்குத் தலை தானாகக் குனியும். சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையின் வாசற்படி ஒரு கல்லறைக் கல். கல் செதுக்கியவர் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாராம். மாமா அதை வாங்கிவந்து எழுத்து கீழே போகும்படி கவிழ்த்துப் போட்டிருந்தார். சனிக்கிழமைதோறும் நாங்கள் எல்லாரும் "எங்கள் அன்பு அம்மா"வின் முதுகை மிதித்துத்தான் குளிக்கப் போவோம்.

மாமாவுக்கு மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் வேலை. மிச்சிகனின் வடகோடியில், பெரிய ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் அது சின்ன வேலை இல்லை. ஏரிப் பக்கமிருந்து காற்று திரும்பிப் பனி கொட்டத் தொடங்கிவிட்டால் முன்னால் சாலை எது, பள்ளம் எது என்றே தெரியாது. மாமா கண்ணைச் சுருக்கி, ஓரத்தில் நட்ட குச்சிகளின் நுனியை மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். அந்தக் கண்கள்தான் அந்த வீட்டின் சோறு. அத்தை அதை அவருக்கு அடிக்கடி நினைவுபடுத்துவாள்.

அந்த வருடம் கடைகளில் துப்பாக்கித் தோட்டாவே கிடைக்கவில்லை. நாடு முழுவதும் தட்டுப்பாடு. மான் வேட்டைப் பருவம் தொடங்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. திறந்து வைத்தாலும் வாத்தியார்கள் வரமாட்டார்கள். அப்படிப்பட்ட நாளைக்கு மாமாவிடம் அவருடைய அப்பாவின் துப்பாக்கி இருந்தது, தோட்டா இல்லை.

அப்போதுதான் விவியன் என்கிற கணவனை இழந்த அம்மாள் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தாள். மூன்று விளக்குகள், ஒரு தையல் இயந்திரம், கூடவே ஓர் ஐஸ்கிரீம் வாளி நிறையத் தோட்டா.

"இதெல்லாம் உங்க வீட்டுக்காரர் கையால அடைச்சதா?" என்று மாமா கேட்டார்.

"ஆமாப்பா. ராத்திரி பகலா கராஜ்லயே உக்காந்து இதே வேலைதான்."

"நல்லா சுடுமா?"

"இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கூட ஒரு குறை சொன்னதில்ல," என்றாள் விவியன்.

மாமாவுக்கு அது போதும். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இதில் என்ன தவறு என்று சொல்லிவிடுகிறேன். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப்பு பொருத்தி, வெடிமருந்து நிரப்பி, முனையில் குண்டைச் செருகி மறுபடியும் தோட்டாவாக்குகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். தான் அடைத்ததைத் தானே சுடலாம். அடுத்தவன் அடைத்ததைச் சுடக்கூடாது. அது அடுத்தவனுடைய பல்செட்டை மாட்டிக்கொண்டு சாப்பிடுவதுபோல என்பார் என் அப்பா ஒன்னி. மருந்து கூடிப்போனால் துப்பாக்கி பின்பக்கமாக வெடிக்கும். பின்பக்கத்தில்தான் நம் முகம் இருக்கிறது. குறைந்துபோனால் என்ன ஆகும் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

செய்தி கேட்டு அப்பாவும் நானும் போனபோது, சமையலறை மேசை முழுக்கச் செய்தித்தாள் விரித்து மாமா தோட்டாக்களைத் தக்காளிச் சாஸில் ஊறவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பித்தளை பளபளக்க அதுதான் நல்ல மருந்தாம். அத்தை அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவள் முதுகைப் பார்த்தாலே கோபம் தெரிந்தது.

"என்ன மாப்ள, தோட்டாவ வறுக்கப் போறியா?" என்றார் அப்பா.

"வாங்க மச்சான். பாருங்க, புதுசு மாதிரி இருக்கு."

"பச்சை பூத்திருந்தத ஏன் தொடைச்ச? எது கெட்டது எது நல்லதுன்னு காட்டுற ஒரே அடையாளம் அதுதான்."

"ரொம்பப் பச்சையானத எடுத்துட்டேன். கூட்டோட கழுத்துல விரிசல் விட்டதையும் எடுத்துட்டேன். நம்ம துப்பாக்கி அளவு இல்லாதது கொஞ்சம் கலந்து கெடந்துச்சு, அதையும் எடுத்துட்டேன்." குறை சொல்லவே இடமில்லாத மாணவன்போல மாமா அடுக்கினார்.

"உள்ள இருக்கிறது?"

மாமா ஒரு தோட்டாவை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். "கேளுங்க. கிலுகிலுங்குதா? மருந்து இருக்கு."

அப்பா இன்னொன்றை எடுத்துக் குலுக்கினார். சத்தமே இல்லை. "இது?"

"இது இன்னும் நல்லது மச்சான். முழுசா நெறைஞ்சிருக்கு. நெறைகுடம் தளும்பாது."

"காலிக் குடமும் தளும்பாது மாப்ள."

அத்தை திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா? கண்ணு போச்சுன்னா பனி வண்டிய யாரு ஓட்டுறது? நானா?"

"ஒண்ணும் ஆகாது ஐலி."

"ஆச்சுன்னாலும் கவலையில்ல. கல்லு வாசல்லயே கெடக்கு. திருப்பிப் போட்டாப் போதும்."

"அதுல அம்மான்னுல்ல எழுதியிருக்கு?"

"இருக்கட்டும். செகண்ட் ஹேண்டுதானே, உங்களுக்குப் பிடிக்கும்."

அப்பா சட்டைப் பையிலிருந்து ஐந்து தோட்டாக்களை எடுத்து மேசையில் வைத்தார். கம்பெனியில் செய்தவை. அவரிடம் இருந்ததே ஒரு பெட்டிதான். "இத வச்சுக்கோ. அந்த வாளிய விட்டுடு."

மாமா அவற்றைப் பார்த்தார். கை பாதிவழி நீண்டது. பிறகு பின்வாங்கிவிட்டது. ஏன் என்று எங்கள் எல்லாருக்குமே தெரியும். அந்தத் தோட்டாவில் ஒரு மான் விழுந்தால், சாகும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் அது 'மச்சான் குடுத்த தோட்டாவுல விழுந்த மான்' ஆகிவிடும். அப்பா அதை ஒருமுறைகூடச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

"உங்களுக்கு வேணும்ல, வச்சுக்கோங்க மச்சான்," என்றார் மாமா, மிகவும் பெருந்தன்மையோடு.

காட்டுக்குள் எங்களுக்கு ஒரு மரக்குடில் உண்டு. அதன் சுவர் முழுக்கச் சட்டை வால்கள் தொங்கும். மானைப் பார்த்துச் சுட்டுத் தவறவிட்டால், தவறவிட்டவனின் சட்டைப் பின்வாலை வெட்டிப் பெயர் எழுதி ஆணியடித்துவிடுவார்கள். இது எங்கள் பக்கத்து வேட்டைக்காரர்களின் சட்டம். மேல்முறையீடு கிடையாது. சுவரில் அதிகம் தொங்குவது மாமாவின் வால்கள்தான். அவருக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை, ஏனென்றால் ஒன்றுகூடப் புதுச் சட்டை இல்லை. இன்னும் சொன்னால், சிலவற்றை வாங்கும்போதே வால் கிடையாது.

ஆனால் அந்த வருடம் அவர் உடம்பில் ஒரு புதுச் சட்டை இருந்தது. திருமண நாளுக்கு அத்தை வாங்கிக் கொடுத்த சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. வேட்டைக்கு முந்தின நாள் மாலை குடிலில் மாமா அதைக் கழற்றி மடித்து வைத்தார். எழுந்துபோய் மறுபடியும் மடித்து வைத்தார்.

"நாளைக்கு அந்த வால் என்னுது மாப்ள," என்றார் அப்பா, கத்தரிக்கோலை எடுத்துக் காட்டி.

"பாக்கலாம்," என்றார் மாமா. அந்தச் சட்டைக்காக அவர் சிரிப்பைக்கூடக் குறைத்துக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் ஆளுக்கொரு மறைவிடம் போனோம். மாமா மேட்டுக்கு அந்தப் பக்கம் பலகை மறைப்புக்குள். அப்பாவும் நானும் இந்தப் பக்கம். குளிரில் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மாமாவின் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. துப்பாக்கிச் சத்தம் என்று சொல்ல முடியாது. காற்றடைத்த காகிதப் பையைக் குழந்தை குத்தியதுபோல, 'பொத்'.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "தவற விட்டுட்டான்!" என்று கத்தரிக்கோலை உருவிக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

மேட்டின் மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. பெரிய கொம்பு மான் ஒன்று ஊசியிலை மரத்தடியில் தலையைத் தூக்கி, 'என்ன சத்தம் அது?' என்பதுபோல நின்றுகொண்டிருந்தது. மாமா பழைய கூட்டைத் தள்ளிவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றிக் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் அழுத்தி, விரலை விசையில் வைத்திருந்தார்.

"சட்டை! சட்டை!" என்று அப்பா பின்னாலிருந்து கத்தினார்.

மான் ஒரே பாய்ச்சலில் காணாமல் போனது. மாமா எழுந்து திரும்பினார். அவ்வளவு கோபத்தில் அவரை நான் பார்த்ததில்லை.

"கெடுத்துட்டீங்களே மச்சான்! விரல் வச்சுட்டேன், இன்னும் ஒரு மூச்சு, அவ்வளவுதான்!"

"மொத வெடியிலேயே தவறிட்ட. வால எடு."

"தவறல."

"பின்ன மான் ஏன் மாப்ள ஓடுச்சு? செத்துப்போயி ஓடுச்சா?"

"குண்டு வெளியவே போகல. போகாத குண்டு எப்படித் தவறும்? தோட்டா புஸ்ஸுன்னு போயிடுச்சு. இது கணக்குல வராது."

"கணக்குல வராதா? விசைய இழுத்தியா இல்லியா?"

"இழுத்தேன். குண்டு போகல."

"போகலன்னா எங்க இருக்கு?"

இப்படி ஒரு வழக்கு, பனியில் முழங்கால் புதைய நின்றுகொண்டு. மாமா தன் சட்டையின் பின்பக்கத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தார். துப்பாக்கி பலகையில் சாய்ந்திருந்தது. கடைசியில் மாமா, "இருங்க, நிரூபிக்கிறேன்," என்று சொல்லி, ஏற்றியிருந்த தோட்டாவை வெளியே எடுத்தார். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பூட்டைக் கழற்றி, அந்த வழியாகக் குழலுக்குள் பார்த்தார்.

"என்ன தெரியுது?" என்றார் அப்பா.

"இருட்டு."

"வானத்தப் பாத்துப் புடி."

"வானத்தப் பாத்துத்தான் புடிச்சிருக்கேன்."

துடைக்கும் கம்பியைப் பையிலிருந்து எடுத்து முன்பக்கமாக உள்ளே விட்டார். கம்பி கொஞ்ச தூரம் போய், 'டிக்' என்று நின்றது. மறுபடி விட்டார். 'டிக்'.

"பாத்தீங்களா!" என்று மாமா குதித்தார். "இங்கதான் இருக்கு! மருந்து இல்லாம கேப்பு மட்டும் வெடிச்சு, பாதிவழியில மாட்டிக்கிட்டு நிக்குது! நான் தவறவிடல! சட்டை தப்பிச்சுது!"

அப்பா சிரிக்கவில்லை. அவர் மாமாவின் கையிலிருந்த மற்றொரு தோட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் வெளியே எடுத்தது. பளபளவென்று தக்காளிச் சாஸில் துடைத்தது. அதை வாங்கிக் காதோரம் வைத்துக் குலுக்கினார். கிலுகிலு என்றது.

"மாப்ள," என்றார் மெதுவாக. "இதுல மருந்து இருக்கு."

மாமா குதிப்பதை நிறுத்தினார். அடைத்துக்கொண்ட குழலுக்குள் இந்தத் தோட்டா வெடித்திருந்தால் குழல் எங்கே கிழிந்திருக்கும், அவர் கன்னம் எங்கே அழுத்தியிருந்தது, இரண்டையும் அவரே மனதில் வைத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கையை உயர்த்தி ஒரு கண்ணைத் தொட்டார். பிறகு மற்றொரு கண்ணை. அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லவேளை, கத்துனீங்க மச்சான்."

"உண்மையச் சொல்லிடுறேன். நான் சட்டைக்குத்தான் ஓடியாந்தேன்," என்றார் அப்பா. கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மாமா எழுந்து திரும்பி நின்று வாலை நீட்டினார். "வெட்டிக்கோங்க."

"போடா," என்றார் அப்பா. "போயி ஒரு காப்பி போடு."

அன்றைக்கே வாளியோடு ஊருக்குத் திரும்பினோம். பழைய வெடிமருந்தை வாங்கிக்கொள்ளும் இடம், மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகம். மாமா எல்லாவற்றையும் ஒப்படைத்தார். காலி வாளியை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு விவியனின் வீட்டில் நிறுத்தச் சொன்னார். கராஜில் இன்னொரு வாளி இருந்தால் வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று சொல்ல.

"இருக்கு, இன்னும் ரெண்டு இருக்கு," என்றாள் விவியன். "ஏன், சரியா சுடலியா?"

"சுடல. ஒருத்தரும் குறை சொன்னதில்லன்னு சொன்னீங்களே?"

"ஆமா, சொன்னதில்லதான். யாரு சுட்டா, குறை சொல்றதுக்கு? அவரு வேட்டைக்கே போனதில்லயே. எங்கிட்டேருந்து தப்பிச்சு உக்காந்திருக்கத்தான் அந்தக் கராஜ்."

அப்பா வண்டிக்குள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் குலுங்கினார். அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை மாமாவைச் சுற்றி வந்து பின்பக்கத்தைப் பார்த்தாள். "வால் இருக்கே. அப்ப தவறவிடல. மான் எங்க?"

மாமா எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சொல்லவில்லை. நடந்ததை முழுக்கச் சொன்னார். குலுக்கினால் சத்தம் வராத தோட்டாவை, 'பொத்'தை, கன்னத்தை, விசையில் இருந்த விரலை.

 அத்தை தையல் பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள். மாமாவைத் திருப்பி நிறுத்தி, தானே வாங்கிக் கொடுத்த சட்டையின் வாலை ஒரே வெட்டில் வெட்டி எடுத்தாள்.

"ஐயையோ! ஐலி! என் குண்டுக்கு மான் ஒண்ணும் தப்பலியே, எதுக்கு வெட்டுற?"

"தப்பினது நீங்க," என்றாள் அத்தை.  அந்தத் துணியை அடுப்புக்கு மேலே, மாமா தினமும் காப்பி ஊற்றும்போது கண்ணில் படுகிற இடத்தில் ஆணியடித்தாள்.

மாமா பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "புதுச் சட்டைடி."

"இப்ப பழைய சட்டை ஆயிடுச்சு," என்றாள் அத்தை. "உங்களுக்குப் பிடிக்கும்."