லிஃப்ட்காரர் வீட்டு மூலை அறை

கைப்பிடியைத் தொடாமல் படியேறி வருகிறார் லிஃப்ட்காரர். வீட்டு மணியை முழங்கையால் அழுத்திவிட்டு ஓரடி தள்ளி நிற்கிறார். கதவைத் திறந்த கையோடு மனைவி பால்கனிப் பக்கம் போய்விட வேண்டும். அது அவர் போட்ட சட்டம். சட்டையை வாசலோரத்து மூடிபோட்ட வாளிக்குள் திணித்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் குளியலறைக்குள் நுழைகிறார். தலைவழியே தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான், "சாப்பிட்டியா?" என்று அவளைக் கேட்பார்.

எதிர்வீட்டுக்காரியான நான், காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பதாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறெதற்கு?

"ஏன் தம்பி, நாள் பூரா லிஃப்டோட மல்லுக்கட்டுற ஆளு, நம்ம கட்டடத்து லிஃப்ட்ல ஏறி வந்தா என்ன?"

"மூடின டப்பாக்கா அது. கீழ ஒருத்தன் தும்மினா மேல ஒருத்தன் வாங்கிக்குவான்."

புதுக் காய்ச்சல் ஒன்று தேசம் தேசமாகத் தாண்டி வருகிறது என்று செய்தியில் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து மனிதர் இப்படித்தான்.

நின்றுபோன லிஃப்டுகளை ஓட வைப்பது அவர் பிழைப்பு. உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருந்தால், கருவியைத் தொடுவதற்கு முன்னால் கதவைத் தட்டுவார். "உள்ள இருக்கிறவரே, பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். காலையில என்ன சாப்பிட்டீங்க? பேச முடியலேன்னா ரெண்டு தட்டு தட்டுங்க, போதும்." ஒருமுறை நானே மாட்டிக்கொண்டு தவித்தபோது இதைத்தான் கேட்டார். உயிர் போகிற நேரத்தில் இந்த ஆளுக்கு என் சாப்பாட்டுக் கதை எதற்கு என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சாப்பிட்டதைச் சொல்லி முடிப்பதற்குள் படபடப்பு அடங்கிவிட்டது.

அவருடைய பயத்துக்குக் காரணம் மனைவியின் நெஞ்சு. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. போன குளிர்காலத்தில் சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாகக் காற்று வாங்கிக் கிடந்து, பிழைத்து வந்தாள். "இன்னொரு தடவை இவங்க நெஞ்சு தாங்காது, பார்த்துக்கங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த வார்த்தையைத்தான் மனிதர் தூக்கிச் சுமந்துகொண்டு திரிகிறார்.

ஆகவே வீடு தயாராகிக்கொண்டிருந்தது. மாவு, பருப்பு, சோப்பு, காய்ச்சல் மாத்திரை எல்லாம் கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தன. மூலை அறையை நோயாளிக்கென்று காலி செய்தார். தனித் தட்டு, தனி டம்ளர், தனி வாளி. கல்லூரியில் படிக்கும் மகள் அந்த அறையில் வைத்திருந்த கண்ணாடியும் சீப்பும் கூடத்துக்கு நாடு கடத்தப்பட்டன. "பெரியம்மா, காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்ல எனக்குப் பைத்தியம் வந்துரும்" என்று அவள் என்னிடம் வந்து மூக்கால் அழுதாள். அறைக் கதவில் ஒரு பலகை வேறு: 'பழுது பார்க்கப்படுகிறது. நுழையாதீர்.' வேலை செய்யும் இடத்திலிருந்து கொண்டுவந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உள்தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கம் மாட்டினார். எதற்கு என்று கேட்டேன். "காய்ச்சல் மயக்கத்துல எழுந்து வெளிய வந்துட்டா? லிஃப்ட்லயும் அப்படித்தான்க்கா, உள்ள இருக்கிறவங்க பயத்துல கதவோட மல்லுக்கட்டித்தான் கை கால் போகுது. கதவைத் திறக்கிறது வெளிய இருக்கிறவன் வேலை." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் மண்டையை ஆட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. மகள் தோழி வீட்டுக்குத் தப்பித்துப் போய்விட, நோயாளி வேஷம் மனைவிக்கு. அவளை உள்ளே அனுப்பித் தாழிட்டுவிட்டு, மருந்துக் கடைக்குப் போய்வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க இறங்கிப் போனார். கைப்பிடியைத் தொடக்கூடாது அல்லவா, வாசற்கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டுப் போனார். அந்தப் புண்ணியத்தால்தான் எனக்குச் சத்தம் கேட்டது.

கதவை அடிக்கிற சத்தம். பிறகு அதுவும் மெலிந்தது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்தால் பிளீச்சிங் பவுடர் நெடி முகத்தில் அடித்தது. கிருமி சாகட்டும் என்று காலையில் அள்ளிக் கொட்டிக் கழுவியிருக்கிறார். அவள் தரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு கறுத்திருந்தது. இன்ஹேலரோ கூடத்து அலமாரியில், அவர் அழகாக அடுக்கிய மருந்துகளுக்கு நடுவே இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். மூச்சு சீராகும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

திரும்பி வந்தவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "நோய்க்கு முன்னாடி நீயே கொன்னுருப்ப! அறிவிருக்கா உனக்கு?"  திருகுளியை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்ற ஆரம்பித்தார். ஊரார் லிஃப்டையெல்லாம் பிரித்துப் போட்ட கை, ஒரு திருகாணியைப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டது. அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்தாள்.

விஷயம் கேள்விப்பட்ட மகள் சாயங்காலம் கத்தவில்லை. "அம்மா வீட்டை விட்டே போறதில்ல. நான் காலேஜோட சரி. ஊர்ல உள்ள ஆஸ்பத்திரி லிஃப்டெல்லாம் ஏறி இறங்குறது நீதான்ப்பா. உனக்கு வந்தா என்ன பண்றது? அதுக்கு ஒத்திகை பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.  மறுநாள் மூலை அறையில் அவருடைய தலையணையும் சவர சாமானும் இருந்தன. இன்ஹேலர் ஒன்று மனைவியின் இடுப்புப் பையில் ஏறியது.

நேற்று மதியமே வந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்ட்ரெச்சரோடு நின்றுபோன லிஃப்டைத் திறந்துவிட்டு வந்த நாலாம் நாள். படியிலேயே இருமல் சத்தம் கேட்டது. மணியை அழுத்தவில்லை. வாசலில் நின்றே, "பால்கனிக்குப் போயிடு. ஜன்னலெல்லாம் திறந்து விடு. எனக்கு உடம்பு சுடுது" என்றார். நேரே மூலை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சோதனைக்கு ஆள் வரச் சொல்லியிருந்தது, சாயங்காலம் வருவார்களாம். வெறும் சளியாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பிக்கை வரவில்லை.

அவர் மனைவி அழவில்லை. மாஸ்க்கை மூக்குவரை இழுத்துவிட்டாள். பால்கனிக் கதவோரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்தபடியே தரை துடைக்கும் கட்டையை நீட்டி, அதன் நுனியால் மூலை அறைக் கதவைத் தட்டினாள்.

"உள்ள இருக்கிறவரே, பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். காலையில என்ன சாப்பிட்டீங்க?"

உள்ளே இருமல். நீண்ட இருமல். அது அடங்கிய பிறகும் பேச்சில்லை. கட்டையை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

பிறகு கதவின் உள்பக்கத்தில், மெதுவாக, இரண்டு தட்டு.