போட்டுக் காட்டிய புடவை

காதல் படம் எடுக்கிறவர்கள் யாரும் காஞ்சிபுரத்தில் காதலித்திருக்க மாட்டார்கள். படத்தில் இரண்டு பேரும் காபிக் கடையில் இடித்துக்கொள்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், மழையில் ஒரே குடையில் நடக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரே குடையில் நடந்தால் மழை விடுவதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விடும். கோயிலுக்குப் போகலாம் என்றால், எந்தப் பிரகாரத்தில் திரும்பினாலும் யாராவது ஒரு சித்தி சுற்றிக்கொண்டிருப்பாள்.

மிச்சம் இருந்தது தியேட்டர்தான். தனித்தனியாக டிக்கெட் எடுப்போம். விளக்கு அணைந்ததும் அவன் என் பக்கத்து சீட்டுக்கு வருவான், இடைவேளைக்கு முன்னால் எழுந்து போய்விடுவான். அந்த இருட்டில் நாங்கள் பார்த்ததெல்லாம் சிரிப்புக் காதல் படங்கள். கடைசியில் யாராவது ஒருவர் கல்யாண மண்டபத்துக்கு மூச்சிரைக்க ஓடுகிற மாதிரிப் படங்கள்.

"நீ இன்னாத்துக்கு பயப்படற? நம்ம கதைல நான் ஓடுறேன்மா" என்பான்.

நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, பிடித்திருந்ததே.

நான் பட்டுப் புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். தினமும் தென்னேரியிலிருந்து பஸ். அவன் சின்ன காஞ்சிபுரத்துக்காரன், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. அவன் போனில் என் படங்கள் நிறைய இருந்தன. ஒன்றில்கூட முகம் இருக்காது. வளையல் போட்ட கை, முதுகில் தொங்கும் பின்னல், தியேட்டர் படியில் விழுந்த நிழல். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"வீட்ல போன நோண்டிக்கினே இருப்பாங்கமா. அதுவுமில்லாம பாரு, பட போஸ்டர் மாதிரி இருக்குது" என்றான். பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

தை பிறந்ததும் அவனிடமிருந்து போன் வருவது குறைந்தது. "வீட்ல பேசிக்கினு இருக்கேன், கொஞ்சம் டைம் குடு" என்று ஒரு மெசேஜ் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நானும் நச்சரிக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கிறானே, பேசட்டும் என்று இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், சத்தமில்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போவது ஒன்று உண்டு. கோயிலில் பார்ப்பார்கள். பெண் கடையில் வேலை செய்தால் புடவை வாங்குகிற மாதிரி வந்து பார்ப்பார்கள். பிடித்தால் பூ பழத்தோடு வீட்டுக்கு வருவார்கள், பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவில்லை. என்னோடு வேலை செய்கிற அக்காவுக்கு அப்படித்தான் கல்யாணம் முடிந்தது. மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு ஜாக்கெட் துணி வாங்கிக்கொண்டு போனாராம்.

அதனால்தான் அன்றைக்கு அவன் தன் அம்மாவோடும் அத்தையோடும் கடைக்குள் நுழைந்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. அவன் என் பக்கமே திரும்பவில்லை. அதை வைத்துத்தான் நிச்சயம் செய்துகொண்டேன். திரும்பினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

"முகூர்த்தப் பொடவ காட்டுமா. அரக்குல" என்றார் அவன் அம்மா.

ஆகட்டும், நாடகம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து புடவைகளைப் பிரித்துப் போட்டேன். அவர் புடவையைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்.

"எழுந்து நில்லுமா." நின்றேன்.

"ஒசரம் சரியா இருக்குது பாரேன். நெறமும்தான்" என்றார் அத்தையிடம். பிறகு என்னிடம், "எந்த ஊருமா?"

"தென்னேரிங்க."

"பஸ்ல வந்து போறியா, பாவம். இத கொஞ்சம் மேல போட்டுக் காட்டு."

மற்ற நாளில் யூனிஃபார்ம் புடவையின் மேலேயே ஏனோதானோவென்று சுற்றி முந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பேன். அன்றைக்குக் கொசுவத்தை ஒவ்வொன்றாக எடுத்து, நீவி, பின் குத்தினேன். மணவறைக்குப் போகிறவள்கூட அவ்வளவு பொறுமையாகக் கட்டியிருக்க மாட்டாள். கண்ணாடியில் எனக்குப் பின்னால் அவன் தெரிந்தான், தரையைப் பார்த்துக்கொண்டு. தடியா, வெட்கப்பட்டது போதும், நிமிர்ந்து பாரேன் என்று மனதுக்குள் திட்டினேன்.

"லட்சணமா இருக்குது" என்றார் அவன் அம்மா.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வரவில்லை.

"டேய், ஒரு போட்டோ எடுத்து பொண்ணுக்கு அனுப்பு. அதுக்குத்தான் பெங்களூர்ல லீவு கெடைக்கலயே. இந்தப் பொண்ணும் அதே ஒசரந்தான். அது கட்டினாலும் இப்படித்தான் இருக்கும்."

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அந்தப் புடவையை உருவிப் போட்டுவிட்டு ஓட வேண்டும்போல இருந்தது. ஓட முடியாது. இடுப்பிலும் தோளிலும் பின். நானே குத்திக்கொண்டது. அக்கா அடுத்த புடவையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். படமாக இருந்தால் இந்த இடத்தில் பாட்டுச் சத்தம் நின்றுவிடும், அவன் பேசுவான். இவனும் வாயைத் திறந்தான். "அம்மா" என்றான். சொல்லிவிடு என்று எனக்குள் கெஞ்சினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கெஞ்சினேன்.

"இங்க வெளிச்சம் பத்தல. அந்தப் பக்கமா நிக்கச் சொல்லு" என்றான்.

போய் நின்றேன். விற்பனைக்கு நிற்கிறவள்தானே.

"மூஞ்சி வேணாம்பா, பொடவ மட்டும் தெரியட்டும்" என்றார் அவன் அம்மா.

அதை அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. போனைக் கொஞ்சம் கீழே இறக்கி, கழுத்துக்குக் கீழே, கை நடுங்காமல் அழகாகத்தான் எடுத்தான்.