மைக் முன்னால் மூன்று வருடம்

மேடைப் பேச்சு வாய் செய்கிற வேலை என்று கீழே உட்கார்ந்திருப்பவர்கள்தான் நினைப்பார்கள்; மேலே ஏறி நின்றவர்களுக்குத் தெரியும், பாதி வேலை முழங்கால்களுக்குத்தான்.

மைக்கைக் கண்டதும் தொண்டை வறண்டு, மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்து, சொந்தப் பெயரிலேயே சந்தேகம் வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் உங்கள் கட்சிதான். மோகனூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர் எனக்கு. நாமக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் படித்தேன். வருகைப்பதிவு எடுக்கும்போது ‘பிரசன்ட் மிஸ்’ சொல்வதற்கே மனசுக்குள் ஒத்திகை பார்க்கிற ஆள். அந்த ஆள் மூன்று வருடத்தில் என்ன ஆனாள் என்பதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுரை

முதல் வருடம், துறை விழா. நன்றியுரை சொல்ல வேண்டிய சீனியர் அக்காவுக்குக் காய்ச்சல். “நாலு பேருக்கு நன்றி சொல்லணும், அவ்வளவுதாம்மா” என்று துறைத்தலைவி என்னை மேடைப் பக்கம் தள்ளிவிட்டார். அந்த நாலு பேர் யார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வெளியூரிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினர், முதல்வர், துறைத்தலைவி, மாணவிகள். படியேறும்வரை நாலு பேரும் என்னோடுதான் வந்தார்கள். மைக் முன்னால் போய் நின்றதும் ஒருவரையும் காணோம்.

மேடை ஓரத்தில் மைக் செட் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கண்ணில் பட்டது அவர் ஒருவர்தான். “மைக் செட் போட்ட அண்ணனுக்கு நன்றி. வணக்கம்” என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடிவிட்டேன். தன் பெயரைச் சொல்வேன் என்று எழுந்திருக்கப் போன சிறப்பு விருந்தினர், எழுந்தும் எழாமலும் அப்படியே நின்றாராம். அரங்கமே சிரித்திருக்கிறது. நான் மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். ஒயரைச் சுற்றிக்கொண்டே வந்த மைக் செட் அண்ணன் என்னைப் பார்த்து நின்றார். “அழுவாதீங்க அம்மிணி. இத்தனை வருசமா மைக் செட் போடறேன், மேடையேறி எனக்கு நன்றி சொன்ன ஒரே ஆளு நீங்கதானுங்க.”

பெயர் கொடுத்தவள்

வகுப்பில் எனக்குப் பக்கத்து இடம் ரெஜினாவுடையது. சேலத்துப் பெண், விடுதியில் தங்கிப் படித்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசித்துப் பழகியவள். கூட்டத்தைக் கண்டால் அவளுக்குக் குஷி வந்துவிடும். நன்றியுரை நடந்து ஒரு வாரம் நான் யார் முகத்தையும் பார்க்காமல் திரிந்தேன். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, பேச்சுப் போட்டிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டதாகச் சர்வசாதாரணமாகச் சொன்னாள். நான் என் டப்பாவை மூடிவிட்டேன். போய் என் பெயரை அடித்துவிட்டு வா என்று கெஞ்சினேன்.

அவள் குழம்பு ஊற்றிப் பிசைந்தபடியே சொன்னாள்: “நீ பேசினாலும் பேசாட்டியும் மைக்ல உன் பேரைக் கூப்பிடுவாங்க. அதுக்கப்புறம் உன் இஷ்டம்.”

பருந்து

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு கோழிப்பண்ணை. அப்பாவுக்கு அங்கேதான் மேற்பார்வை வேலை. வீட்டில் பேசிப் பார்த்தால் தம்பி சிரிப்பான். பண்ணையில் வரிசை வரிசையாகக் கூண்டு, ஆயிரக்கணக்கில் தலை, எல்லாம் என்னையே பார்க்கும், ஒன்றும் சிரிக்காது. இதைவிட நல்ல சபை எங்கே கிடைக்கும்? ஒரு சாயங்காலம் ஷெட்டின் நடுவில் நின்று, “அவையோரே!” என்று ஆரம்பித்து, வலது கையை ஓங்கி வீசினேன்.

ஷெட் முழுக்க ஒரே படபடப்பு. ஒரு மூலையில் தொடங்கிய அலறல் மறு மூலைவரை போனது. கோழி மிரண்டால் முட்டை குறையும் என்பது எங்கள் ஊரில் பேசத் தெரியாத குழந்தைக்குக்கூடத் தெரியும். பண்ணையில் வேலை பார்க்கும் அக்கா தீவனச் சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். அப்பாவின் வேலைக்கே வேட்டு வைத்துவிட்டேனோ என்று நான் நடுங்கிப்போனேன். அந்த அக்கா கூண்டுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து, என்னையும் ஏற இறங்கப் பார்த்தார். “பேச்சுக்கு ஒண்ணும் மிரளலை அம்மிணி. நீ கைய வீசறது பருந்து எறங்கறாப்ல இருக்குது, அதை மட்டும் உட்டுரு.”

மாவு மில்

சத்தம் போட்டுப் பழக அடுத்து எனக்குக் கிடைத்த இடம் மாவு மில். மெஷின் ஓடும்போது அங்கே என்ன கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. கம்பு டப்பாவோடு வரிசையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பெண்கள் முன்னேற்றம் பற்றிய என் உரையை முழு வேகத்தில் விட்டேன். “பெண்ணே, எழுந்து வா!” என்ற இடத்தில் கரண்ட் போய்விட்டது.

மில் முழுக்க என் குரல் மட்டும் கேட்டது. எனக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார். “நான் எந்திரிச்சு வந்து ஒரு மணி நேரமாச்சு சாமி, மாவுதான் இன்னும் வந்தபாடில்லை.”

மணி

ரெஜினா பெயர் கொடுத்த போட்டி சேலத்தில் நடந்தது. தலைப்பு, ‘நீரின்றி அமையாது வாழ்வு’. இணையத்தில் தேடி, ஒரு நல்ல உரையை எடுத்து, காற்புள்ளி வரைக்கும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எனக்கு முன்னால் பேசிய ஆத்தூர்ப் பையன் அதே உரையைச் சொன்னான். சரி, ஒருவன்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்து வந்த பெண்ணும் அதே வரியில்தான் ஆரம்பித்தாள். நடுவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அடுத்து என் பெயர்.

நடந்துபோன அந்தக் கொஞ்ச தூரத்தில் என்ன தோன்றியதோ, மனப்பாடம் செய்ததை அப்படியே விட்டுவிட்டேன். எங்கள் காட்டில் பயிருக்குத் தண்ணீர் தேடி போர்வெல் போட்ட கதையைச் சொன்னேன். துளை போடுகிற ரிக் வண்டி வந்து நின்றது, குழாய்மேல் குழாயாக இறங்கியது, புகை மாதிரி வெள்ளைத் தூசி மட்டுமே வந்துகொண்டிருந்தது, அம்மா சமைக்காமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தது, கடைசியில் தூசி கொஞ்சம் நிறம் மாறி ஈரமாக வந்தபோது அப்பா அதை அள்ளிக் கையில் பிசைந்து பார்த்தது. முழங்கால் ஆடியதா என்று எனக்கு நினைவில்லை. அரங்கில் ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. கை தட்டியபோதுதான் பேச்சை முடித்துவிட்டேன் என்று தெரிந்தது.

மூன்றாம் பரிசு. சான்றிதழைக் கொடுத்த நடுவர் கொஞ்சம் குனிந்து சொன்னார்: “மணியடிக்க மறந்தது என் தப்பும்மா, நேரம் தாண்டினது உன் தப்பு. இல்லைன்னா முதல் பரிசு உனக்குத்தான்.”

பரிசுக் கோப்பை உள்ளங்கை அளவுதான். ஊர் வரும்வரை அதைப் பைக்குள் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஊடு

இரண்டாம் வருடம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக வாழப்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள். மேலே படிக்க வேண்டியதைப் பற்றி நான் பேச வேண்டும். நல்ல தமிழில்தான் ஆரம்பித்தேன். சூடு பிடித்ததும், “உங்க ஊட்டுல கேளுங்க, ஊட்டுல சொல்லுங்க” என்று வாய் தானாகப் போய்விட்டது. முன் வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். “ஊடுன்னா என்னாக்கா?” என்று இன்னொருத்தி கேட்டாள். மொத்தக் கூட்டமும் சிரித்தது.

பழைய நானாக இருந்தால் அங்கேயே இறங்கி ஓடியிருப்பேன். அன்றைக்கு நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். “எங்கூர்ல வீட்டை ஊடுன்னுதான் சொல்லுவோம். பேருதான் வேற, மேல படிக்கோணும்னா அங்கயும் அப்பாகிட்டத்தான் கெஞ்சோணும்” என்றேன். சிரிப்பு ஒரு நொடியில் நின்று, எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கூட்டம் முடிந்து கிளம்பும்போது, களுக்கென்று சிரித்தவள் தனியாக வந்து என் துப்பட்டா நுனியைப் பிடித்தாள். “சிரிச்சாக்கூட நிறுத்தாம பேசலாம்னு எனக்கு இன்னிக்கித்தான்க்கா தெரியும்.”

கிராம சபை

கடைசி வருடத்தில், காலையில் எங்கள் ஊர் வழியாக நாமக்கல் போய்க்கொண்டிருந்த டவுன் பஸ் திடீரென்று வேறு பாதைக்குப் போய்விட்டது. மெயின் ரோட்டுக்கு நடந்து போனால்தான் பஸ். வழி நெடுகக் கரும்புக் காடு. ஆண்பிள்ளைகள் பைக்கில் போய்விட்டார்கள். பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகப் படிப்பை விட்டு நின்றார்கள். பக்கத்துத் தெரு சுகந்தி பி.காம் இரண்டாம் வருடம். ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குப் போய்விட்டு ஊருக்கு வந்திருந்த அவள் அப்பா, “போதும், நின்னுக்க” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவளும் மறுபேச்சுப் பேசவில்லை. அவள் பேசுகிற ரகமே இல்லை.

கிராம சபைக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். பரிசு கிடையாது, மணி கிடையாது, முன் வரிசை முழுக்க ஆண்கள். பஸ் நின்றதால் யார் யார் படிப்பு நின்றது என்று சொன்னேன். முன்னால் இருந்த ஒருவர் கையை உயர்த்தி, “பஸ்ஸெல்லாம் மேல இருக்கறவங்க முடிவு பண்றது அம்மிணி. நாம பேசி என்ன ஆவப்போவுது?” என்றார். “நாம பேசாம இருந்தப்பத்தானுங்க பஸ்ஸு போச்சு, பேசித்தான் பாப்பமுங்க” என்றேன். பின்னால் இருந்த பெண்கள் பக்கத்திலிருந்து முதல் முறையாகச் சத்தம் வந்தது.

நிறுத்தப்பட்ட பிள்ளைகளை எழுந்து பெயரும் படிப்பும் சொல்லச் சொன்னேன். இரண்டு பேர் சொன்னார்கள். மூன்றாவதாகச் சுகந்தி எழுந்தாள். “சுகந்திங்க. பி.காம் படிக்கறேனுங்க” என்றவள், கொஞ்சம் நிறுத்தி, “படிச்சுட்டு இருந்தேனுங்க” என்று திருத்தினாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் பேசியது மொத்தமும் அந்த ஒரு திருத்தத்துக்கு ஈடாகாது. அவள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்மானம் எழுதினார்கள். அதை எடுத்துக்கொண்டு நாங்கள் பெண்களாகவே பஸ் டிப்போவுக்கு நடந்தோம். போனதும் திரும்பி வந்ததும் பெரிய கதை. கொஞ்ச நாளில் பஸ் வந்தது.

முதல் நாள் காலை சுகந்தியோடு அவள் அப்பாவும் நிறுத்தத்துக்கு வந்திருந்தார். பஸ் திரும்பி வருகிற சத்தம் கேட்டதும் மகளின் பையை அவளிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் சொன்னார்: “என்னைக் கேக்காம அத்தனை பேரு முன்னால பேசிட்டாளேன்னு அன்னைக்கே திட்டலாம்னு பாத்தேன் சாமி, முடியல. எம்புள்ள நல்லாப் பேசிட்டா.”

பேசக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது. பேசாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கும் கல்லூரி எங்காவது இருக்கிறதா என்று அம்மா இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.