செங்கல் சூளைப் பள்ளத்தில் அக்காவின் வண்டி

சென்ற ஆண்டு புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பொன்னேரிக்கும் ஆரணிக்கும் நடுவே கைவிடப்பட்ட செங்கல் சூளை ஒன்றின் பள்ளத்தில் நடந்தது இது. இன்று நினைத்தாலும் பயமாக இருக்கிறது. கூடவே எழுந்து நின்று குதிக்க வேண்டும்போலவும் இருக்கிறது.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது. அப்பா ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஆபரேட்டர். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேன் அது. அக்கா டிப்ளமோ முடித்துவிட்டு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாள். நான் தமிழ் இலக்கியம் படிக்கும் கல்லூரி மாணவி. பேச்சு எனக்குக் குறைவு. சொல்ல வந்ததை மனத்துக்குள் ஒழுங்காக அடுக்கி முடிப்பதற்குள், வீட்டில் பேச்சு வேறு எங்கேயோ போயிருக்கும்.

வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்று உண்டு. அப்பாவின் பைக் நின்ற அந்த இடத்தை அக்கா மெல்ல மெல்லத் தன்வசமாக்கிக்கொண்டாள். கல்குவாரியில் ஓடித் தேய்ந்து ஒதுக்கப்பட்ட பழைய பிக்கப் வண்டி ஒன்று அங்கே வந்து சேர்ந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. அதைச் சேறு, மணல், மேடு எதிலும் ஏறி இறங்கும் வண்டியாகத் தன் கையாலேயே மாற்ற வேண்டும் என்பது அவளுடைய வெறி. அப்படிப்பட்ட வண்டிகளுக்கென்றே தனியார் மைதானங்களில் போட்டிகள் நடக்கின்றன. சாலையில் ஓட்டக் கூடாது. மைதானம் வரை இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் டிபன் டப்பாவை என் கையில் திணித்துவிட்டு ஷெட்டுக்குள் புகுந்துவிடுவாள். துருவேறிய தகடுகளையும் கதவுகளையும் வெட்டி எறிந்தாள். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியை உயர்த்தினாள். வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்காதபடி, இரும்புக் குழாய்களை வளைத்துத் தலைக்கு மேலே கூண்டு பற்றவைத்தாள். நான் விளக்குப் பிடிப்பேன். அவள் முறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் மீதும் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுப்பேன். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது.

கூண்டு எழும்பிய அன்று எதிர்வீட்டு அத்தை எங்கள் கேட் அருகே நின்று சிரித்தார்.

“இன்னாடி, வண்டி செய்றியா, ஊடு கட்றியா? சென்ட்ரிங் கம்பி மாரி கட்டிக்கினு கீற!”

“ஊடுதான் அத்த,” என்றாள் அக்கா, வெல்டிங் முகமூடியைக்கூடத் தூக்காமல். “மாமியார் ஊட்டுக்குப் போனா நம்ம ஊட்டோடவே போய்டலாம்ல?”

என்ஜின் முதன்முதலில் உயிர்பெற்ற மாலையில் தகரக் கூரை முழுவதும் அதிர்ந்தது. அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். நான் கத்தினேன் என்று அக்கா இன்றுவரை சொல்கிறாள். கத்தியதாக எனக்கு நினைவில்லை; ஆனால் மறுநாள் தொண்டை கட்டியிருந்தது உண்மை.

போட்டிக்குப் பெயர் கொடுக்க அந்த வாரமே கடைசி. அப்பா ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். “சூளப் பள்ளத்துல எறக்கு. எறங்குன வழியில ஏறக் கூடாது. எதிர்க் கரையில அதுவே ஏறி மேல வரணும். கயிறு கட்டி இழுத்தா கணக்கில்ல. வந்தா பேரு குடு. வரலன்னா ஷெட்லயே கெடக்கட்டும்.”

“சரி நைனா,” என்றாள் அக்கா. நாங்கள் அப்பாவை அப்படித்தான் அழைப்போம். அவளுக்குப் போட்டி என்பது பரிசு அல்ல. அந்த ஷெட்டில் அவள் செய்தது விளையாட்டு அல்ல என்பதற்கான சான்று.

அந்தச் சூளை, அம்மாவின் தம்பி ஒரு காலத்தில் செங்கல் அறுத்த இடம். மாமாவே தன் டிராக்டர் டிரெய்லரில் வண்டியை ஏற்றிக் கொண்டுவந்தார். இறக்கியதும் இழுவைக் கயிற்றை எல்லோருக்கும் தெரியும்படி தோளில் போட்டுக்கொண்டார்.

“எதுக்குடா அது?” என்று அம்மா கேட்டார்.

“இன்னிக்கி எனுக்கு இதான் வேல. எழுதி வெச்சிக்க.”

பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அம்மா பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். பார்க்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. மாமாவிடம் விசாரித்துக்கொண்டே இருந்தார்.

எதிர்க் கரை செங்குத்தாக இருந்தது. ஆனால் அதன் ஓரமாக, முன்பு மண் வெட்டியவர்கள் விட்டுப்போன ஒரு மண்படி, வண்டி போகும் அகலத்தில் சாய்வாக மேலேறியது. அப்பா அதில் மேலும் கீழும் நடந்தார். காலால் மிதித்துப் பார்த்தார். பிறகு அது முடியும் இடத்தில், கரை மேல் போய் நின்றுகொண்டார். கையால் வழி காட்டுவது அவர் பொறுப்பு.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆலையின் இரைச்சலில் வாயால் பேசிப் பயனில்லை. கிரேன் கூண்டில் இருப்பவர் கீழே நிற்கும் ஒரே ஒருவரின் கைச்சாடையைப் பார்த்துத்தான் பளுவை ஏற்றுவார், இறக்குவார். மற்றவர்கள் என்ன கத்தினாலும் பொருட்படுத்த மாட்டார். ஆனால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து ‘நிறுத்து’ என்று காட்டுவதற்கு மட்டும் அங்கே யாருக்கும் உரிமை உண்டு. டீ கொண்டுவருபவர் காட்டினாலும் கிரேன் நிற்கும். ஏன் என்ற கேள்வி நின்ற பிறகுதான். அப்பா இந்தச் சாடைகளை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். டிவி சத்தத்தைக் குறைக்க ஒன்று, போதும் சோறு என்பதற்கு ஒன்று. அக்காவுக்கும் எனக்கும் அது இரண்டாம் தாய்மொழி. பேச்சில் தயங்கும் எனக்கு முதலாவது என்றுகூடச் சொல்லலாம்.

அக்கா ஹெல்மெட் மாட்டி, பெல்ட்டை இறுக்கி, வண்டியைப் பள்ளத்துக்குள் இறக்கி, எதிரே இருந்த மண்படியில் ஏற்றினாள். நான் பள்ளத்தின் தரையில், வண்டிக்கு இடப்புறம் நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். சக்கரங்கள் மண்ணைக் கவ்விய அழகை என்னவென்று சொல்வேன்! ஒரு சக்கரம் குழியில் இறங்க, எதிர்ச் சக்கரம் மேட்டில் எழ, நடுவில் அந்தக் கூண்டு நிதானமாக மிதந்து போனது. அக்கா வளைத்த ஒவ்வொரு குழாயும் எனக்குத் தெரியும். எனக்குள் அத்தனையும் மகிழ்ச்சி.

“மிதி யக்கா, மிதி! நிறுத்தாத!” என்று கரை மேல் கூச்சல்.

“ஏறுதாடா?” இது அம்மா.

“ஏறிக்கினு கீது யக்கா! கயிறுக்கு வேல இல்ல போல!” மாமாவின் குரலில் பெருமை வந்துவிட்டது.

அப்போதுதான் கைப்பேசித் திரையில் ஏதோ மாவு கொட்டுவதுபோல் தெரிந்தது. கைப்பேசியை இறக்கிவிட்டு நேராகப் பார்த்தேன். வண்டியின் இடது முன்சக்கரத்துக்கு அடியிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த இடத்திலிருந்து மேலே, முந்தைய வார மழை மண்படியின் அடிப்பகுதியை அரித்துக் குடைந்துவிட்டிருந்தது. மேல்மண் மட்டும் கூரை விளிம்புபோல் வெளியே நீண்டு நின்றது. மேலிருந்து பார்க்கும் அப்பாவுக்கு அது கெட்டியான தரை. வலப்பக்க இருக்கையில் இருந்த அக்காவுக்கோ அந்தச் சக்கரமே தெரியாது. இன்னும் ஒரு சுற்று உருண்டால் வண்டி என் பக்கமாகப் பள்ளத்தில் கவிழும்.

‘அக்கா’ என்று கத்தினேன். என்ஜினும் கூச்சலும் அதை விழுங்கிவிட்டன. கைப்பேசியைத் தரையில் போட்டுவிட்டு, அப்பா பார்க்கும்படி முன்னே ஓடி, இரண்டு கைகளையும் விரித்தேன்.

அப்பாவின் பார்வை என் மேல் பட்டது. அடுத்த கணம் அவருடைய கைகளும் விரிந்தன. முகத்தில் ஒரு கேள்விகூட இல்லை. வண்டி நின்றது.

கரை முழுவதும் கொதித்தது. “இன்னா மச்சான், ஏறுற வண்டிய போய் நிறுத்திட்டீங்க! பாதியில நின்னா திரும்ப ஏறுமா?” என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். “அந்தப் பொண்ணு பயந்துட்டுது சார், நீங்க ஏத்துங்க!” என்று கிரிக்கெட் கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

நான் சக்கரத்தின் அடியைச் சுட்டினேன். அப்பா குனிந்து பார்த்தார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனாலும் என்னைச் சுட்டி அக்காவுக்குச் சாடை காட்டிவிட்டு, தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ‘என் கை இனிக் கணக்கில்லை, சின்னவள் கைதான்’ என்று அதற்குப் பொருள். பிறகு கூட்டத்தைப் பார்த்து ஓர் அதட்டல்: “எவனும் வாயத் தொறக்கக் கூடாது!”

கதவில்லாத வண்டி அது. அக்கா தலையைத் திருப்பி, கூண்டின் குழாய்களுக்கு நடுவே என்னைப் பார்த்தாள். ஹெல்மெட்டுக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன. பின்னால் வரச் சொன்னேன். ஓர் அங்குலம். நிறுத்தினேன். ஸ்டீயரிங் நேராக. இன்னும் கொஞ்சம். உதிர்வது நின்றதா என்று பார்த்தேன், நிற்கவில்லை. இன்னும் பின்னால். அவள் ஒருமுறைகூடத் தரையையோ சக்கரத்தையோ எட்டிப் பார்க்கவில்லை. என் விரல் மடங்கினால் வண்டி நகர்ந்தது. விரல் விரிந்தால் நின்றது. அத்தனை பெரிய இரும்பு, என் விரல் நுனியில்.

சக்கரம் கெட்டியான மண்ணுக்கு வந்து சேர்ந்த சற்று நேரத்தில், அது நின்றிருந்த விளிம்பு முழுவதும் பெயர்ந்து தொப்பென்று பள்ளத்தில் விழுந்தது. புழுதி எழுந்து என் முகத்தை மூடியது.

“இன்னாடா ஆச்சி?” அம்மா அப்போதும் திரும்பவில்லை.

“ஒண்ணுமில்ல யக்கா,” என்றார் மாமா. கயிறு அவர் தோளிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது.

அத்துடன் கிளம்பிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். வண்டியைத் தரைக்கு இறக்கிய அக்கா, ஹெல்மெட்டைக் கழற்றாமலே செங்குத்துக் கரையைக் கைகாட்டினாள்.

“நேரா ஏத்தட்டா?”

“டிராக்டரே ஏறாதும்மா அதுல!” என்றார் மாமா.

அப்பா அந்தக் கரையின் அடிவரை இறங்கி வந்து, இம்முறை ஒவ்வொரு முழமாகத் தட்டிப் பார்த்தார். “கெட்டியா கீது. வழுக்குனா நேரா பின்னால வரும், கவுறாது.” என்னைப் பார்த்தார். “சின்னவளே, மேல போய் நில்லு. உன் கைதான்.”

அந்தக் கரையில் நான் ஏறிய வேகத்தை யாராவது படம் எடுத்திருக்க வேண்டும். மேலே நின்று கையை உயர்த்தினேன். என்ஜின் உறுமியது. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தை நோக்கி எழுந்தது. பாதி வழியில் வலது பின்சக்கரம் வெறுமனே சுழன்று மண்ணை வாரி இறைத்தது, இடப்பக்கம் திருப்பச் சொன்னேன், திருப்பினாள். சக்கரம் பிடித்தது! பம்பர் என் கண்ணுக்கு நேராக வந்தது, பிறகு என்னைவிட உயரமாக. நான் பின்னால் நடந்துகொண்டே ‘வா, வா’ என்று கையை ஆட்டினேன். முன்சக்கரங்கள் தட்டென்று சமதரையில் இறங்கின. வண்டி முழுவதும் மேலே வந்து நின்றது.

கூட்டம் விசில் அடித்தது. மாமா கயிற்றைத் தலைக்கு மேல் சுழற்றி ஆடினார். அம்மா கடைசியில் திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டியை ஒரு சாத்து, அக்காவை ஒரு சாத்து, அப்பாவையும் விடாமல் ஒரு சாத்து சாத்திவிட்டு அழுதார். “அந்தப் படியில நடந்து பாத்தனே...” என்று அப்பா தனக்குள் ஒருமுறை முணுமுணுத்தார். பிறகு அக்காவிடம், “பேரு குடு,” என்றார். அவள் கொடுத்தாள், வண்டிக்கு வழிகாட்டும் இடத்தில் என்னைக் கேட்காமலே என் பெயரையும் சேர்த்து. போட்டியில் பரிசு வாங்கவில்லை. ஆனால் சேற்றிலிருந்து கயிறு இல்லாமல் வெளியே வந்த வண்டிகளில் எங்களுடையதும் ஒன்று.

அந்தக் காலையில் நான் விளிம்பைப் பார்த்தது தற்செயல். யார் நின்றிருந்தாலும் பார்த்திருப்பார்கள். என்னால் மறக்க முடியாதது, கூட்டம் முழுவதும் ‘ஏற்று, ஏற்று’ என்று கத்திய நேரத்தில், தாங்கள் காணாத ஒன்றை நான் கண்டிருக்கிறேன் என்று நம்பி அப்பாவும் அக்காவும் நின்ற அந்த ஒரு கணத்தைத்தான்; ஒரு மனிதர்மேல் இன்னொருவர் வைக்கக்கூடிய மதிப்பை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் இதுவரை காட்டியதில்லை.