பன்னிரண்டு மலைப்பூக்களின் வில்லங்கம்

1970, ஆனி, வெள்ளிக்கிழமை முற்பகல். மிராசுதார் வீட்டுக் கூடத்தில், குத்தகை நிலம் ஐந்து மாவை விட்டுக்கொடுப்பதாக எழுதப்பட்ட விடுதலைப் பத்திரத்தில் என் அண்ணனின் இடது பெருவிரல் ரேகை பெறப்பட்டது. பத்திரம் அவருக்குப் படித்துக் காட்டப்படவில்லை. அதே கூடத்தில் நான் இருந்தேன்.

2019, மாசி, திங்கட்கிழமை. அண்ணன் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் காலமானார். வயது எழுபத்தேழு.

அதே ஆண்டு, வைகாசி, புதன்கிழமை. அதே கூடத்தில், மூன்று பக்கக் கருத்துரை ஒன்றில் மிராசுதாரின் மகன் பக்கத்துக்கொன்றாகக் கையெழுத்திட்டார். அதை எழுதியவன் நான்.

ஐந்து மா என்பது ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். அப்பா காலத்திலிருந்து நாங்கள் உழுத நிலம். எழுத்துக் கூட்டப் பழகுமுன்பே பள்ளியை விட்டிருந்த அண்ணன், என்னைப் படிக்க அனுப்புவதற்காக அதில் இறங்கினார். புதிய ஆட்சி வந்திருந்தது. குத்தகைதாரர் பெயரைத் தாசில்தார் அலுவலகத்தில் பதிவு செய்யும் சட்டமும் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் எங்களை எழுப்புவது எளிதல்ல. அதற்கு முன் எழுப்பிவிட வேண்டும் என்பது மிராசுதார்களின் அவசரமாக இருந்தது. வாய்க்கால் தூர்வாரக் கோரும் மனுவில் ரேகை வேண்டும் என்று காரியஸ்தர் ஆளனுப்பினார். எதற்கும் தம்பி ஒருமுறை படித்துப் பார்க்கட்டும் என்று அண்ணன் என்னையும் அழைத்துச் சென்றார். எனக்கு அன்று இருந்த வேலை அது ஒன்றுதான்.

கூடத்தின் மேற்குச் சுவரில் பன்னிரண்டு படங்கள். மிராசுதாரின் தந்தை நெஞ்சுநோய்க்காக ஆல்ப்ஸ் மலையில் ஓராண்டு தங்கிச் சிகிச்சை பெற்றபோது வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தவை. கல்லில் வரைந்து அச்செடுத்து, பிறகு கையால் வண்ணம் தீட்டிய மலைப்பூக்கள். பனி உருகும் விளிம்பில் மலர்பவை, பாறை வெடிப்பில் நீலமாய் மலர்பவை, வெள்ளைக் கம்பளி போர்த்தியது போன்றவை. ஒவ்வொன்றின் அடியிலும் லத்தீன் பெயர். நான் தாவரவியலில் இரண்டாம் ஆண்டு. பாடநூலில் கறுப்புக் கோடுகளால் வரைந்த படங்களை மட்டுமே பார்த்திருந்தவன் அந்த நீலத்தின் முன் நின்றுவிட்டேன்.

“வாங்க தம்பி, காலேஜ்ல பூவெல்லாம் படிக்கிறீங்களாமே. இதெல்லாம் என்னன்னு சொல்லுங்க பாப்போம்” என்றார் மிராசுதார்.

எங்கள் குடும்பத்தில் ஒருவரை அந்த வீடு ‘வாங்க’ என்று அழைத்தது அதுவே முதல் முறை. அந்த ‘ங்க’வுக்கு நான் விலைபோனேன். ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தேன். ஏழாவது படத்தின் முன் அவர் நின்றார்.

“இது நம்ம குளத்து நெய்தல் ஜாதிதானே?”

அல்ல. அது ஜென்ஷியன் என்னும் மலைப்பூ, நெய்தலுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. அடியில் பெயரே இருந்தது. ஆனாலும் மிராசுதார் சொன்னதை மறுக்க நாவெழவில்லை. தலையசைத்தேன்.

கூடத்தின் மறுகோடியில், தாளை விரித்து மைப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார் காரியஸ்தர். தம்பி பார்க்க வேண்டாமா என்று அண்ணன் கேட்டிருக்கிறார். தம்பிக்கு ஐயாவே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பதில் வந்திருக்கிறது. அண்ணன் நிமிர்ந்து பார்த்தது என் தலை அசைந்த அந்தக் கணத்தில். விரலை வைத்தார்.

வரப்பில் திரும்பி நடக்கையில், மையைப் புல்லில் துடைத்தபடி சிரித்தார். “அத்தன களையையும் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்காங்கடா. நமக்குத் தெரியாம போச்சு, நம்ம வயல்ல எத்தன படம் இருந்துச்சு.”

குத்தகைப் பெயரைப் பதிவு செய்ய அண்ணன் தாசில்தார் அலுவலகம் போன அன்று, மிராசுதார் தரப்பு கொடுத்திருந்த விடுதலைப் பத்திரத்தை அதிகாரி திருப்பிக் காட்டி, “ரேகை உன்னுதுதானே?” என்று கேட்டார்.

“என்னுதுதாங்க.”

விசாரணை அத்துடன் முடிந்தது. ரேகை வைத்தது மனுவில் அல்ல என்று அன்றுதான் தெரிந்தது. அந்த ஐந்து மாவிலேயே அண்ணன் நாற்பது ஆண்டுகள் கூலிக்கு நாற்றுப் பறித்தார். அண்ணி கூலிக்குக் களையெடுத்தார். நான் முனைவரானேன், மாணவர்களுக்கு மலைத் தாவரங்களைப் பாடமெடுத்தேன். அந்த வீட்டை மன்னித்துவிட்டதாக நான் யாரிடமும் ஒருபோதும் சொன்னதில்லை.

அண்ணன் கேட்டது ஒரே ஒரு முறை. மருத்துவமனையில், காலை இட்லியை ஒதுக்கிவிட்டு. “அன்னிக்கு நீ எதுக்குடா தல ஆட்டுன?” சாப்பிடுங்கள், பிறகு சொல்கிறேன் என்றேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து மிராசுதாரின் மகன் தொலைபேசியில் அழைத்தார். வீட்டைப் பிரிக்கிறார்களாம். சென்னையில் ஒரு வணிகர் படங்களை வாங்கத் தயார்; ஆனால் அவை அசல்தான் என்றும், எவரிடமிருந்து எவரிடம் வந்தன என்றும் தாவரவியல் அறிந்த ஒருவர் எழுதித் தர வேண்டும், உரிமையாளர் ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பமிட வேண்டும் என்கிறார். ஊர்க்காரர் என்ற முறையில் என் நினைவு வந்ததாம். அண்ணன் இறந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

உருப்பெருக்கியுடன் போனேன். இயந்திர அச்சானால் வண்ணம் சிறு புள்ளிகளாகச் சிதறித் தெரியும். இங்கே கோடுகள் கல்லில் பிறந்த கோடுகள், வண்ணம் தூரிகை விட்டுச்சென்ற வண்ணம். பன்னிரண்டும் அசல். அதை ஒரு சொல்லும் குறைக்காமல் எழுதினேன். பொய் எழுதிக் கெடுப்பது காரியஸ்தர் வேலை.

நிலம் விற்பவர் வில்லங்கச் சான்று காட்ட வேண்டும். அந்த நிலத்தின் மேல் என்னென்ன நிற்கிறது என்பது அதில் இருக்கும். படங்களின் வரலாற்றைச் சொல்லும் இரண்டாம் பக்கத்தில் நான் அதைத்தான் எழுதினேன். இந்தப் படங்களைக் காட்டி ஒருவன் தடுத்து நிறுத்தப்பட்டிருந்த நேரத்தில், இதே கூடத்தில், அவனுடைய அண்ணனிடம் விடுதலைப் பத்திரத்தைப் படித்துக் காட்டாமல் ரேகை பெறப்பட்டது. உரிமையாளர் இதை உண்மையென ஒப்புகிறார். தேதியும் இட்டேன். மூன்று பக்கங்களும் சேர்ந்தே செல்லும், தனித்தனியே செல்லாது என்று முடித்தேன்.

“படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க” என்றேன். மூன்று முறை சொன்னேன்.

“நீங்க எழுதினத நான் படிச்சுப் பாக்கணுமா சார்? உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் இன்னிக்கு நேத்துப் பழக்கமா?”

கையெழுத்திட்டார். 1970இல் அவர் பத்து வயதுச் சிறுவர். அந்தக் குற்றத்தில் அவருக்குப் பங்கில்லை என்பதை நான் அறிவேன். அந்த அறிவு என் கையைத் தடுக்கவில்லை.

பத்தாம் நாள் அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது. வணிகர் பின்வாங்கிவிட்டார், இரண்டாம் பக்கத்தை மட்டும் மாற்றித் தர முடியுமா? அப்பா இறந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு இது எதற்கு? நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“கையெழுத்து உங்களுதுதானே?”

“என்னுதுதான் சார்” என்றார்.

தொலைபேசியை வைத்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன். படங்கள் விலைபோகாமல் அவர் மகள் வீட்டுப் பரணில் கிடப்பதாகக் கேள்வி. கிடக்கட்டும்.

செய்யாமல் நிற்பவை:

அண்ணியிடம் இரண்டாம் பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது.

அண்ணன் புகைப்படத்துக்குச் சட்டம் போடுவது. கடைக்காரர் இரண்டு முறை அளவு கேட்டுவிட்டார்.

இரண்டாம் பக்கத்தில் விட்டுப்போன ஒரு வரியைச் சேர்ப்பது: நான் தலையசைத்தேன்.

அண்ணனுக்குப் பதில்.