கறுப்பு போர்டு கழன்ற நாள்

அப்போதெல்லாம் சொந்தக் காருக்குக் கறுப்பு போர்டில் வெள்ளை எழுத்து. வாடகைக் காருக்கு வெள்ளை போர்டில் கறுப்பு எழுத்து. கார் தெருவில் நுழையும்போதே இது வீட்டு வண்டியா, கூலிக்கு ஓடுகிற வண்டியா என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எங்கள் அம்பாசடருக்குக் கறுப்பு போர்டு. கெடாரில் எங்கள் தெருவிலேயே அது ஒன்றுதான் கார்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நன்றாக விளைந்த ஒரு வருஷம் வீட்டுக்காரர் அதைப் பழசாக வாங்கி வந்தார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்த நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வெள்ளிக்கிழமை தவறாமல் முன்பக்க போர்டில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன். அதை மாட்டியிருந்த இரண்டு போல்ட்டுத் தலையிலும் மஞ்சளைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைப்பேன். ஓமந்தூரில் அம்மா வீட்டுக்குப் போகும்போது, ஊருக்குள் நுழைந்ததும் மெதுவாக ஓட்டச் சொல்வேன். அவருக்குச் சிரிப்பு வரும். எனக்கு அப்படி ஒரு பெருமை இருந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் இல்லை.

பிறகு இரண்டு வருஷம் மழை பொய்த்தது. கிணறு வறண்டது.

"சும்மா நிக்கிற வண்டிய வாடகைக்கு உட்டா, வூட்டுல அடுப்பு எரியும்" என்றார்.

"எங்க அம்மா ஊருல என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சிக்கிறது?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் விழுப்புரத்தில் பெயிண்டரிடம் வெள்ளை போர்டு எழுதி வாங்கி வந்துவிட்டார்.

திண்டிவனத்தில், வாடகைக்கு ஓட்ட அனுமதி கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டி பார்க்கும் நாள் வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குள் வெள்ளை போர்டோடு போய் நிற்க வேண்டும். தவறினால் அடுத்த மாதம்தான். அதற்குள் வைகாசி முகூர்த்தமெல்லாம் முடிந்துவிடும். அந்தக் கல்யாணச் சவாரிகளைத்தான் அவர் நம்பியிருந்தார். போர்டை வீட்டிலேயே மாற்றியிருக்கலாம். தெரு வேடிக்கை பார்க்கும், திண்டிவனத்தில் போய் மாற்றிக்கொள்ளுங்கள் என்று தடுத்தது நான்தான். மறுநாள் ஓமந்தூரில் அண்ணன் பிள்ளைக்குக் காது குத்து. அதனால் நானும் பெட்டியோடு ஏறிக்கொண்டேன்.

திண்டிவனத்தில் மெக்கானிக் பாயின் ஷெட்டில் வண்டியை நிறுத்தினார். நான் பின்சீட்டை விட்டு இறங்கவில்லை. பின்பக்க போர்டு சுலபமாக வந்துவிட்டது. முன்பக்கத்தில் ஒரு போல்ட் இரண்டு திருகிலேயே முறிந்து கீழே விழுந்தது. மற்றொன்று அசையவே இல்லை. பாய் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார், சுத்தியால் தட்டினார், மறுபடி ஸ்பேனர் போட்டார். ஸ்பேனர் வழுக்கி, போல்ட்டின் தலை மொழுமொழுவென்று உருண்டைதான் ஆனது.

"இது மழைத் துரு இல்லீங்களே" என்றார் பாய். "யாருங்க இதுக்கு அபிஷேகம் பண்ணிக்கினு இருந்தது?"

வீட்டுக்காரர் பின்சீட்டைப் பார்த்தார்.

"சரியாப் போச்சு. சாமி புடிச்சிக்கினு உட மாட்டேங்குது" என்றார் பாய்.

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்வானேன், உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் இருந்தது. வராவிட்டால் வராமலே போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

உளி வைத்துத் தலையை வெட்டினால்தான் ஆகும் என்றார் பாய். ஆனால் அடிக்க அடிக்கப் பின்னாலிருந்த நட்டும் சேர்ந்து சுற்றியது. அதை ஒருவர் ஸ்பேனர் போட்டு அசையாமல் பிடிக்க வேண்டும். பம்பருக்குப் பின்னால் இருந்த சந்தோ ஒடுக்கமானது. பாயின் கை நுழையவில்லை. வீட்டுக்காரர் தன் கையைத் திணித்தார். தகரம் கீறி, விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் திணித்தார். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

"ஜல்தி பாய், ஜல்தி" என்றார். 'எல்லாம் உன்னாலதான்' என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

இறங்கிப் போய், "நவுருங்க" என்றேன்.

"நீ எதுக்கு? பொடவையெல்லாம் கிரீஸ் ஆயிடும்."

"நான் வச்ச பொட்டு. நானே எடுக்கறேன்."

வலது கை வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றி, முந்தானையால் இறுக்கிச் சுற்றினேன். வளையல்காரர் அமுக்குவாரே, அதுபோல் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிச் சந்துக்குள் விட்டேன். போய்விட்டது. பாய் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். நட்டைத் தடவிப் பார்த்துக் கவ்விப் பிடித்தேன்.

"அடிக்கட்டாம்மா? பயமா கீதா?"

"நீ அடி பாய். கத பேசாத."

ஒவ்வோர் அடிக்கும் தோள்பட்டை வரை அதிர்ந்தது. நான்காவது அடியில் 'டக்' என்று தலை தெறித்து ஓடியது. துவாரத்தில் மிச்சம் நின்ற துண்டைப் பாய் பஞ்ச் வைத்துத் தட்டி வெளியே தள்ளினார். புது போல்ட்டுகளுக்கு கிரீஸ் தடவி வெள்ளை போர்டை மாட்டினார்.

"இனிமே கற்பூரம் மட்டும் காட்டுங்கம்மா. தண்ணி வாணாம்."

பன்னிரண்டு அடிக்குமுன் போய்ச் சேர்ந்தோம். இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்.

ஓமந்தூர் எல்லை வந்ததும் வீட்டுக்காரர் வண்டியை ஓரம் கட்டினார். "இங்கியே எறங்கிக்கிறியா? வண்டிய இப்பிடி நிறுத்திட்டு நான் பெட்டிய தூக்கிக்கினு வர்றேன். யாரும் பாக்க மாட்டாங்க." வழியெல்லாம் அவர் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"இன்னாத்துக்கு? வாசலுக்கே உடுங்க" என்றேன்.

வாசலில் அண்ணி நின்றிருந்தார். முதலில் போர்டைப் பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"இன்னா நாத்தனாரே, வாடகக் கார் புடிச்சிக்கினு வந்துகிற? உங்க காரு இன்னா ஆச்சு?"

"இதான் அண்ணி எங்க காரு. இன்னியிலேருந்து சவாரி ஓடுது. வைகாசியில யார் வூட்டுக் கல்யாணம்னாலும் சொல்லி உடுங்க."

அண்ணியின் பார்வை என் வலது கைக்கு இறங்கியது. முழங்கை வரை கரியும் துருவும்.

"கையி ஏன் இப்பிடிக் கீது?"

"போர்டு மாத்தினேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரருக்கு இலை போடச் சொல்லி உள்ளே போனேன்.